ஜமக்காளத்துச் சட்டசபை

என் தங்கையின் கணவர் போனில் பணம் வைத்துச் சீட்டாடினார். அதை நிறுத்த வழி பார்ப்பதற்காக இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டில் மூன்று முறை கூடினார்கள். மூன்று முறையும் அவர்கள் பேசியது அரசாங்கத்தைப் பற்றி. அவரைப் பற்றி ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றோரக் கிராமம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் லேப் அசிஸ்டெண்ட். குடிக்க மாட்டார், பீடி சிகரெட் கிடையாது, வெற்றிலைகூடப் போட மாட்டார். மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் அம்மா ஊரெல்லாம் ஆள்விட்டு விசாரித்தது இந்த மூன்றைத்தான். மூன்றிலும் நல்ல பெயர். கையில் போன் வைத்திருக்கிறாரா, அதில் என்ன பார்க்கிறார் என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? அதனால்தான் விஷயம் வெளியே வந்தபோதும் யாரும் நம்பவில்லை. குடிகாரனுக்கு அடையாளம் உண்டு, வாடை உண்டு. இவர் விபூதி பூசிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு இருந்தார்.

பெருமாள்புரத்தில் வாடகை வீடு. விடியற்காலையில் குளியலறைக்குள் போனாரென்றால் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். மாடித் தொட்டி காலியாகி, கீழ்வீட்டுக்காரர்கள் மறுபடி மோட்டார் போடுவார்கள். இவ்வளவு சுத்தமான மனுஷனைப் பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா என் தங்கையிடம் மெச்சினாராம். அந்த மனுஷன் உள்ளே வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். முதலில் ரம்மி, அப்புறம் போக்கர். குழாய்ச் சத்தம் மற்ற சத்தங்களை மறைப்பதற்காக.

தங்கை பாளையங்கோட்டையில் ஒரு கண் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய ஸ்கூட்டரை ஒருநாள் சர்வீஸுக்கு விடுகிறேன் என்று எடுத்துப் போனார். பல வாரமாகியும் வண்டி வரவில்லை. கேட்டால் ஏதோ சாமான் மதுரையிலிருந்து வர வேண்டுமாம். அவளும் டவுன் பஸ்ஸில் நசுங்கி நசுங்கிப் போய்வந்தாள். ஒருநாள் சாயங்காலம் வண்ணார்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது, ஜன்னலுக்குக் கீழே அவளுடைய ஸ்கூட்டர் நின்றது. ஓட்டிவந்தது யாரோ ஒரு கல்லூரிப் பெண். தன் வண்டிதான் என்று எப்படித் தெரிந்தது என்றால், பின்பக்கம் அவள் மகள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஒரு இறக்கை மட்டும் கிழிந்த அதே ஸ்டிக்கர். அவர் வண்டியை விற்று ஆடித் தீர்த்திருந்தார். அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு, எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது அங்கேதான் நானும் குடும்பத்தோடு இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால் புருஷனும் பெண்டாட்டியும் தாங்களாகப் பேசித் தீர்த்துக்கொள்வது மரியாதையில்லை. பெண் பக்கம் தாய்மாமன் உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் அவருடைய பெரியப்பா உட்கார வேண்டும். முன்னறையில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் பேசுவார்கள். பெண்கள் அடுக்களை வாசலில் நின்று கேட்கலாம். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். எங்கள் கெட்ட நேரம், எங்கள் மாமா ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். அந்தப் பெரியப்பா எதிர்க்கட்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர். தேர்தலுக்குத் தேர்தல் ஆளுக்கொரு பூத்துக்கு வெளியே பந்தல் போட்டு உட்காருகிறவர்கள். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரவைத்து ஆன்லைன் சூதாட்டத்தைப் பேசச் சொன்னால் என்ன நடக்கும்?

முதல் கூட்டம் நடந்த சமயம், மாநிலத்தில் கொண்டுவந்த தடைச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"மாப்ள, நீங்க படிச்சவிய. இந்தப் பழக்கம் குடும்பத்துக்கு ஆவுமா? கெவருமெண்டே வேண்டாம்னு சொல்லிச்சுல்லா."

பெரியப்பா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்னு சொன்னது எங்க ஆட்சி, அண்ணாச்சி. கோட்டைவிட்டது உங்க ஆட்சி. கோர்ட்ல ஒழுங்கா வாதாடியிருந்தா நிக்காதா?"

"நிக்குத மாதிரி எழுதியிருந்தா நின்னுருக்கும். அவசர அவசரமா எழுதி எங்க தலையில கட்டிட்டுப் போனா?"

"அப்ப இப்ப புதுசா எழுத வேண்டியதுதான. கைய யாரு புடிச்சா?"

போயிற்று. அதற்குப் பிறகு டிவியில் அவர்கள் பார்த்த விவாதமெல்லாம் எங்கள் ஜமக்காளத்தில் வரிசையாக வந்து இறங்கியது. தங்கை காப்பி வைத்தாள். அவள் கணவர் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கும் மாறி மாறித் தலையாட்டினார். இவர்கள் சண்டை எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு அவருக்கு நிம்மதி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் மாமா எழுந்திருக்கும்போது, "சரி மாப்ள, இனிமே பாத்து இருந்துக்கோங்க" என்றார். ஸ்கூட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தங்கை மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

நான் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், பாதிப் பேர் கையில் இந்தச் சீட்டுதான் ஓடும். விளம்பரத்தில் ஒரு நடிகர் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். ஆபத்து உண்டு, அடிமையாகிவிடுவீர்கள் என்கிற எச்சரிக்கையை மட்டும் ரயில் பிடிக்க ஓடுகிறவன்போல மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார்கள். தடை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வரட்டும், நாளைக்கே வரட்டும். ஆனால் சட்டம் போடுகிறவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள், குளியலறையில் இருக்கிறவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அவரிடம் பேச வேண்டியது நாங்கள்தானே?

அவர் ஆட்டம் நிற்கவில்லை. மறுபடி சட்டம் வந்தது, கவர்னரிடம் போய்க் கிடந்தது, திரும்பி வந்தது, மறுபடி போனது. ஒவ்வொரு செய்தியையும் அவரே எனக்குப் போன்செய்து சொல்வார்.

"மதினி, கையெழுத்து ஆயிட்டுன்னா என்னால ஆட முடியாதுல்லா. அதுக்குத்தான் நானும் காத்திருக்கேன்."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும். தன்னை யாராவது வந்து கட்டிப்போடட்டும் என்று ஒரு மனிதர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது? கையெழுத்தும் ஆயிற்று. அப்புறம் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடுகிற ஆட்டங்கள், சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு அவர் எனக்குப் போன்செய்யவில்லை.

தங்கை இரண்டாவது முறையாகப் பையோடு வந்தது அதற்குப் பிறகுதான். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டிய நாளில் அவர் போகவில்லை. மழை வேறு. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு வாட்ச்மேன் தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு தங்கைக்குப் போன் போட்டிருக்கிறார். இவர் கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். பிள்ளை அழவில்லையாம். அப்பா இப்படித்தான் என்று வாட்ச்மேனிடம் சொன்னதாம்.

இரண்டாவது கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாமா, "திறமையாவது மண்ணாவது, சீட்டுன்னா அதிர்ஷ்டந்தான்" என்று ஆரம்பித்தார். அவர் கட்சியின் வாதமும் அதுதான். பெரியப்பா, "கோர்ட்டே திறமைன்னு சொல்லிட்டு. நீரு என்ன ஜட்ஜவிட மேலயா?" என்றார். கொஞ்ச நேரம் இழுபறி. பிறகு மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ரம்மி தெரியும். மூணு சீட்டு தெரியும். இந்தப் போக்கர்ங்காவளே, அது என்னது மாப்ள?"

தங்கை கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக்கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத்தை ஏற்றலாம், பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிட்டு விலகலாம். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி மிரட்டி எதிராளியை விலக வைக்கலாம். சொல்லிக்கொண்டே போனார். மனிதர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

"வாயால சொன்னா வெளங்கலவே" என்றார் பெரியப்பா.

மாமா வெளியே போய்த் தன் வண்டியின் பெட்டியைத் திறந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துவந்தார். கட்சி ஆபீஸில் பொழுதுபோக வைத்திருப்பதாம். அதோடு விடவில்லை. அடுக்களையைப் பார்த்து, "எக்கா, பந்தயம் வைக்கக் கொஞ்சம் புளியமுத்து கொண்டாங்க" என்று எங்கள் அம்மாவிடம் கேட்டார். அம்மாவும் தம்பி கேட்டுவிட்டான் என்று புளியங்கொட்டையை டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார். அம்மாவின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆக, சீட்டாட்டத்தை நிறுத்தக் கூடிய சபையில் சீட்டாட்டம் தொடங்கியது. ஒன்றும் தெரியாத பெரியப்பா புளியமுத்தை அள்ளி அள்ளி வைத்து, எல்லாவற்றையும் ஜெயித்தார். "என்னத்த திறமை? நமக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஜெயிச்சிட்டோம்லா. அதிர்ஷ்டந்தாம்வே" என்று தன் வாதத்தைத் தானே விட்டுவிட்டார். தோற்றுப்போன மாமாவுக்கு ரோஷம். "அப்படி இல்ல அண்ணாச்சி, இதுல கணக்கு இருக்கு. எனக்குப் பிடிபடல, அவ்வளவுதான். இன்னொரு ஆட்டம் போடும்" என்றார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் சீட்டைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் கல்யாண ஃபோட்டோவில்கூடக் கிடையாது.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுக்களை வாசலைத் தாண்டி முன்னறைக்கு வந்துவிட்டேன்.

"மாமா, இது குடி மாதிரி ஒரு வியாதியாம். எங்க கம்பெனி நர்ஸ் சொன்னாவ. பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவுல இதுக்கு வைத்தியம் பாக்காவளாம். அவர அங்க கூட்டிட்டுப் போவோம்."

சீட்டைக் கையில் விசிறி மாதிரிப் பிடித்துக்கொண்டே மாமா என்னை முறைத்தார். "என்ன பேசுத நீ? மாப்பிள்ளைக்குப் பைத்தியம்னு ஊர்ல பேர் வாங்கித் தரப்போறியா?"

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்தது. பெரியப்பா மெதுவாக, அன்பாகவே சொன்னார். "ஆஸ்பத்திரிக்குலாம் போனா நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கையில பேச்சு வரும்மா. அப்பீலுக்குப் போயிருக்காவ. சட்டம் வந்துட்டா தன்னால நின்னுரும்." பிள்ளை அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு இதுதான்: சட்டம் வரும்வரை மாப்பிள்ளை சாதா பட்டன் போன் வைத்துக்கொள்ள வேண்டும். அவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அந்த வாரமே கல்லூரியில் வருகைப்பதிவுக்கு ஒரு செயலி கொண்டுவந்தார்கள், முகத்தைக் காட்டினால்தான் சம்பளம். நல்ல போன் திரும்ப அவர் கைக்கே வந்தது. தங்கையும் அதற்குள் பையோடு திரும்பிப் போயிருந்தாள்.

பிறகு ஆட்டத்துக்குள் நுழைய ஆதார் கேட்டார்கள், ராத்திரி ஆடக்கூடாது என்று விதி போட்டார்கள், அதற்கும் ஒரு வழக்கு. மாமா ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கம் கொடுத்துவிட்டுப் போவார். எங்களைப் பார்க்க வரும் தங்கை, முன்பு அவர் பேச்சைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், அப்புறம் அப்புறம் டிவியில் செய்தி வந்தாலே எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள். வேலைக்குப் பஸ்ஸில்தான் போனாள். இன்னொரு வண்டி வாங்குவோமா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம்க்கா, வீட்ல விக்குத மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் டெல்லியிலேயே சட்டம் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடுகிற ஆட்டம் எதுவும் நாடு முழுக்கக் கூடாது. அவர் போனில் இருந்த ஆட்டமெல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயிற்று. அப்போது தங்கை மூன்றாவது முறையாக எங்கள் வீட்டில் இருந்தாள். கல்யாணத்துக்கு அவளுக்குச் சீராகக் கொடுத்த தையல் மிஷின் ஒருநாள் அவள் வேலை முடிந்து வருவதற்குள் காணாமல் போயிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, வந்துவிட்டாள்.

சட்டம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு பொட்டலம் காராச்சேவும், பெரியப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். ஏதோ இவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டமாதிரி. ஜமக்காளம் விரித்தாயிற்று.

"நாங்க போட்டதப் பாத்துத்தான் டெல்லிக்காரன் போட்டிருக்கான்" என்றார் மாமா.

"உம்ம சட்டம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும்லாவே நடந்துச்சு. இது எங்க கூட்டணி போட்டது. நிக்கும்."

"இதுக்கும் கேஸ் போட்டிருக்காம்லா. நிக்குதான்னு பாப்போம்."

"நிக்கக் கூடாதுன்னு நீரே வேண்டுதீரா?"

காராச்சேவு தீரும்வரை இது ஓடியது. பிறகு மாமா கையைத் தட்டித் துடைத்துவிட்டு, எல்லாம் முடிந்துவிட்ட குரலில் உள்ளே பார்த்துச் சொன்னார். "ஏட்டி, பைய எடுத்து வை. சட்டமே வந்துட்டு, இனி என்ன? மாப்பிள்ளகூடக் கிளம்பு."

தங்கை வந்தாள். கையில் பையும் இல்லை, காப்பியும் இல்லை. நேராக ஜமக்காளத்தின் நடுவில், கணவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணு கேக்கேன். இப்ப ஆட்டம் இல்ல. ஆடணும்னு தோணுதா, தோணலையா?"

இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லை என்று சொல்லிவிடுவார், இவளும் பையை எடுத்துக்கொள்வாள், மறுபடி எல்லாம் முதலிலிருந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

"தோணுது" என்றார். பிறகு, "நேத்து வெளிநாட்டுது எதுவும் கிடைக்குதான்னு தேடிப் பாத்தேன். ஒண்ணு கிடைச்சுது. இன்னும் உள்ள போவல" என்றார்.

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமாவுக்கு வந்ததே கோபம். "என்ன மாப்ள நீங்க? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான?" என்றவர், உடனே பெரியப்பா பக்கம் திரும்பி, "பாத்தீரா, வெளிநாட்டுக்காரனத் தடுக்கதுக்கு உம்ம சட்டத்துல என்ன இருக்கு?" என்று ஆரம்பித்துவிட்டார். பெரியப்பாவும் பதில் சொல்லத் தயாராக நிமிர்ந்தார். நான் பொறுமை இழந்து, வாழைப்பழச் சீப்பைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வேறு எதைத் தூக்கியிருந்தாலும் எறிந்திருப்பேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் தங்கை கணவரிடம் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரியளா?"

"வாரேன்."

"தெரிஞ்சவங்க பாத்தா?"

"பாக்கட்டும்" என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார். மாமாவும் பெரியப்பாவும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற இடத்தில் பெரிய வரிசை. தங்கை கணவர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார இடமில்லை. அவர் கல்லூரியில் படிக்கிற பையன்களின் வயதில் நான்கைந்து பேர், அம்மாக்களோடு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன். தலையைத் தூக்காமல், "போன்ல சீட்டு" என்றார்.

டாக்டர் சின்னப் பெண். என் தங்கையைவிட வயது குறைவாக இருக்கும். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், தங்கை கணவர் மறைக்காமல் சொன்னார். எப்போது ஆரம்பித்தது, எங்கே உட்கார்ந்து ஆடுவீர்கள், தூக்கம் எப்படி, சாகலாம் என்று நினைத்ததுண்டா. கடைசிக் கேள்விக்கு அவர் உண்டு என்று தலையாட்டினார். தங்கைக்கு அது தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது. அவள் கை அவர் சட்டையின் முதுகுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டார். "இவ்வளவு வருஷமாவா? ஏம்மா முன்னாடியே கூட்டிட்டு வரல?"

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்.

"சட்டம் வரட்டும்னு இருந்தோம், டாக்டர்."